நடந்தேன் என்று சொன்னேன்

எனக்காக முழங்காலில் நின்று ஜெபித்த சகோதர சகோதரிகளே, நான் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். அதை மறைத்துக்கொண்டு இந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது.

தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்வது என் வேலை. போன மழைக்காலத்தில் நனைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். கம்பி வைத்த காலைச் சீக்கிரமே ஊன்றி நடந்தால் எலும்பு நன்றாகக் கூடுகிறதா என்று அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. நானும் தினமும் நடப்பதாகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஊன்றினால் கம்பி ஒடிந்துவிடும் என்று தோன்றியது. காலைத் தரையில் வைக்கவே இல்லை. அங்கே பிசியோதெரபி செய்யும் ஸ்ரீஜா வாரந்தோறும் போனில் மலையாளம் கலந்து கேட்பாள்.

“சேச்சி, தினமும் நடக்குதல்லோ?”

“நடக்கேன் மோளே.”

அவள் நம்பி எழுதிக்கொண்டாள். சபையிலும் வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கர்த்தர் என்னை நடக்க வைக்கிறார் என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள்.

ஐந்தாம் மாதம் எக்ஸ்ரேயில் எலும்பு கூடவில்லை. “இவ்வளவு நடந்தும் கூடலயே. இன்னொரு ஆபரேஷன் வேண்டி வரும்” என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபித்தேன். ஆண்டவரே, எலும்பைக் கூட்டும், என் பொய் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே கூசிப்போனேன். என் பொய்யை நம்பி, நடந்தும் பயனில்லை என்று நாளைக்கு இன்னொருத்தியின் காலுக்குத் தப்பாக முடிவெடுப்பார்களே. உண்மையைப் பேச வாய் கொடும் என்று அழுதேன்.

வாக்கரைப் பிடித்து எழுந்து, டாக்டரும் ஸ்ரீஜாவும் இருந்த அறைக்குள் போனேன்.

“ஒரு நாளும் நடக்கல்ல மோளே. பயந்துட்டேன்.”

ஸ்ரீஜா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “பயமா இருக்குன்னு பறஞ்சா போதுமல்லோ சேச்சி, நான் கூட நின்னிருப்பேனே” என்றாள். எழுதி வைத்ததை எல்லாம் அடித்துத் திருத்தினாள். டாக்டர் ஆபரேஷனை மூன்று மாதம் தள்ளி வைத்தார். அன்றைக்கே அவள் தோளைப் பிடித்துக் காலை ஊன்றினேன். வலித்தது. கம்பி ஒடியவில்லை.

மூன்று மாதத்தில் எலும்பு கூடியது. கத்தி வைக்காமலே கூடியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவர் முதலில் என் வாயைத் திறந்தார், பிறகுதான் காலைக் கூட்டினார்.

உங்களில் யாராவது ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தால், அதைச் சொல்லப் பெலன் கேளுங்கள். அவர் தருவார். நீங்கள் கைதட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக என்னை மன்னித்துவிடுங்கள்.