சத்தம் வராமல் கத்த வேண்டும்

காலை ஐந்து மணிக்கே மெர்வ் பெங்கெல்லிக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. சுரங்க ஊரான ப்ரோக்கன் ஹில்லில் ஜூலை என்றால் கடுங்குளிர்காலம். வாயைத் திறந்தால் புகை வந்தது. அப்படியும் வியர்த்தது.

கண்காட்சித் திடலின் தகரக் கொட்டகைக்குள் சினிமாக்காரர்கள் ஒரு சுரங்கம் கட்டியிருந்தார்கள். பிளைவுட் சுவர்கள், நுரை ரப்பரில் செய்த பாறைகள். ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். எழுபத்தோரு வயது மெர்வுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன பயன்? இருபத்தாறு வருடங்களாக அவர் நிலத்துக்கு அடியில் இறங்கியதில்லை. கட்டிலுக்கு அடியில் செருப்பு போனால்கூடக் குனியாமல், கம்பால்தான் இழுப்பார்.

அவரை இழுத்து வந்தவள் நோலீன். டெஸ்ஸின் மனைவி. மெர்வுடன் ஒரே ஷிப்டில் வேலை செய்த டெஸ், இருபத்தாறு வருடங்களுக்கு முன் பாறை சரிந்து சுரங்கத்துக்குள்ளேயே இறந்துபோனான். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுப் புல்லை வெட்டிக் கொடுப்பது மெர்வ்தான்.

“ஊர்க்காரங்க துணை நடிகரா வேணுமாம். ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன்” என்று போன வாரம் சொன்னாள் நோலீன்.

“உனக்கென்ன பைத்தியமா? நமக்கு எதுக்கு சினிமா?”

“சுரங்கத்துக்குள்ள எப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்லையே மெர்வ். அவன் கடைசியா பார்த்தது என்னன்னு ஒரு தடவை பார்க்கணும். பொய்யா இருந்தாலும் பரவாயில்ல.”

அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. அவள் கேட்டு அவர் மறுத்தது ஒன்றுமில்லை, உண்மையைத் தவிர.

அந்த உண்மை இதுதான். டெஸ் உடனே சாகவில்லை. சரிந்த பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர்க் குழாயில் தட்டினான். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. “மெர்வ்! இருக்கியாடா?” என்ற குரலும் கேட்டது. பதிலுக்குத் தட்ட மெர்வின் கையில் திருகுச்சாவிகூட இருந்தது. தலைக்கு மேலே பாறை முனகியது. திருகுச்சாவியைப் போட்டுவிட்டு ஓடினார். விசாரணையில், “எதுவும் கேட்கவில்லை” என்றார். நோலீனிடம், “ஒரே நொடிதான். வலியே தெரிஞ்சிருக்காது” என்றார். அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருடம் தூங்கினாள்.

திடலில் காத்திருப்பதுதான் பாதி வேலை. கூடாரத்தில் நாற்பது பேர். கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மெர்வின் கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி, முகத்தில் கரி பூசினார்கள். நடிகர்கள் சாப்பிட்டு, கேமராக்காரர்கள் சாப்பிட்டு, கடைசியில்தான் துணை நடிகர்களின் வரிசை நகர்ந்தது. சீஸும் கேரட்டும் துருவிப் போட்ட ரொட்டி. மெர்வுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

“இங்க கொடு. சினிமாக்காரன் சோத்தை வீணாக்கினா பாவம்” என்று நோலீன் அதையும் வாங்கிக்கொண்டாள். “மூஞ்சில கரி பூசினதும் நல்லாத்தான் இருக்கே கிழவா. தினமும் பூசிக்கோ.”



பதினொரு மணிக்கு ப்ரீ வந்தாள். உதவி இயக்குநர், இருபத்தைந்து வயதிருக்கும். யாரைப் பார்த்தாலும் ‘கண்ணு’ என்பாள்.

“எல்லாரும் கேளுங்க கண்ணுங்களா! கேமராவைப் பார்க்கக் கூடாது. பாறை விழும், தூசி வரும். அந்தப் பக்கம் ஒருத்தர் மாட்டிக்கிட்டு இருக்கார். அவர் தட்டுற சத்தம் கேட்டதும் எல்லாரும் கத்தணும். ஆனா சத்தம் வரக் கூடாது. வாய் மட்டும்தான். குரலை நாங்க பிறகு சேர்த்துக்குவோம்.”

மெர்வ் ஓர் அடி பின்வாங்கினார். “தட்டுற சத்தமா?”

“பயப்படாதீங்க மெர்வ் கண்ணு. பின்னாடி ஒரு ஆள் சுத்தியலால தட்டுவார், அவ்வளவுதான்.”

நோலீனின் காட்சி முன்பே முடிந்திருந்தது. வீட்டில் செய்த லாமிங்டன் கேக் டப்பா ஒன்றை ப்ரீயிடம் நீட்டி, கேமராவுக்குப் பின்னால் நிற்க அனுமதி வாங்கிவிட்டாள். மெர்வைப் பார்த்துக் கையசைத்தாள்.

விளக்குகள் அணைந்தன. தலைக்கவசத்து வெளிச்சம் மட்டும். நுரைப் பாறைகள் விழுந்தன. தூசி மூக்கில் ஏறியது. பிளைவுட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது அது.

டக். டக். டக்.

மெர்வ் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அது அவருக்குப் பழக்கம்தான். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் கத்திக்கொண்டிருக்கிறார்.

“கட்! ரொம்ப நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை!”

இரண்டாவது டேக். மூன்றாவது டேக். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே பாறை, அதே மூன்று தட்டு. செத்துப்போனவனை ஏன் மறுபடி மறுபடி சாகடிக்கிறார்கள்?

ப்ரீ ஓடி வந்தாள். “இயக்குநருக்கு உங்க முகம் பிடிச்சுப்போச்சு கண்ணு. பயம் அப்படியே நிஜமா இருக்காம். முன்னாடி வாங்க.”

நான்காவது டேக்கில் அவர் சுவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். தூசி. இருட்டு. டக், டக், டக். இந்த முறை காதுக்குள்ளேயே தட்டியது. சுத்தியல்காரர் ஒரு கணம் நிறுத்தினார், டெஸ் நிறுத்தியது போலவே. பதிலுக்காக.

“டெஸ்!” கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. “கேக்குதுடா! தட்டாதே, கேக்குதுடா! நான் இங்கதான் இருக்கேன்!”

கட் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. விளக்குகள் எரிந்தன. பிளைவுட்டை முஷ்டியால் அறைந்தபடி மெர்வ் அழுதுகொண்டிருந்தார். திரும்பியபோது கேமராவுக்குப் பின்னால் நோலீன் நின்றாள். கையிலிருந்த கேக் துண்டு நசுங்கியிருந்தது.

ஓடிவிடலாம் என்று கால்கள் சொன்னன. அவர் அவளை நோக்கி நடந்தார்.

“அவன் தட்டினானா?”

“தட்டினான்.”

“எவ்வளவு நேரம்?”

“தெரியாது நோலீன். நான் ஓடிட்டேன்.”

அடிப்பாள் என்று கண்ணை மூடினார். அடி விழவில்லை. அருகிலிருந்த மேசையில் அவள் தன் உள்ளங்கையைப் பரப்பி வைத்தாள்.

“எப்படி தட்டினான்? காட்டு.”

விரல் முட்டியால் தட்டினார். மூன்று. நிறுத்தம். மூன்று. பலகை வழியாக அந்த அதிர்வு கைக்குள் ஏறும்வரை அவள் அசையாமல் இருந்தாள். பிறகு கையை மடக்கி, அவளும் தட்டினாள். மூன்று முறை, மெதுவாக. மெர்வ் அன்று தராத பதில். அது மெர்வுக்கானது அல்ல.

“இன்னொரு டேக் எடுக்கணும்” என்றாள் ப்ரீ தயங்கியபடி.

“போ. உனக்காக எல்லாரும் காத்திருக்காங்க” என்றாள் நோலீன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஐந்தாவது டேக்கில் மெர்வ் சத்தமில்லாமல் கத்தினார். தொண்டை காலியாக இருந்தது.

மாலையில் கரியைக் கழுவிக்கொண்டு காருக்கு வந்தார். அவள் போயிருப்பாள் என்று நினைத்திருந்தார். இருந்தாள், பின் இருக்கையில். வழக்கமாக அவருக்குப் பக்கத்தில் உட்காருபவள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு இல்லை.

தன் வீட்டு வாசலில் இறங்கினாள். காரின் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாளைக்கு வா. அவன் பேசினது, தட்டினது, எல்லாத்தையும் முதல்ல இருந்து சொல்லு.” அவரை நேராகப் பார்த்தாள். “பாதியில ஓடிடாதே மெர்வ்.”