நியோபியின் முன்னால் அம்மா

எட்டு வயதில் எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். பள்ளிக்கூடக் கடிதம், பல் வைத்தியர், கீழ்வீட்டுக் கிழவியின் முறைப்பாடு எல்லாம் என் வாய் வழியாகத்தான் அம்மாவுக்குப் போய்ச் சேரும். அதில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

நோர்வேயில் நாங்கள் குடியிருந்த வெஸ்ட்லியிலிருந்து எங்கள் வகுப்பு நகரத்து அருங்காட்சியகம் ஒன்றுக்குப் புறப்பட்டபோது, துணைக்கு ஒரு பெற்றோர் தேவைப்பட்டது. அன்று வேலையில்லாத அம்மா, நான் கண்ணைக் காட்டியும் கேளாமல், வகுப்பு முழுவதற்கும் றோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்துவிட்டார். றோல்ஸ் பற்றி எனக்குப் பயமில்லை. வாயைத் திறந்து நோர்வேஜிய மொழி பேசி என் மானத்தை வாங்கிவிடக்கூடாது, அவ்வளவுதான்.

உள்ளே கிரேக்கக் கதைகளின் சிலைகள். மூக்குடைந்த ஒரு தெய்வத்தைப் பார்த்துப் பையன்கள் சிரித்துக்கொண்டிருக்க, அம்மா நியோபி என்பவளின் சிலைமுன் நின்றுவிட்டார். மடியில் முகம் புதைத்த சின்ன மகளை ஒரு கையால் அணைத்தபடி, மறுகையால் மேலாடையைக் குடைபோலத் தூக்கிப் பிடித்து வானத்தைப் பார்க்கிறாள் ஒரு தாய்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

ஆசிரியை சொன்னதைத் தமிழில் சொன்னேன். தனக்குப் பதினான்கு பிள்ளைகள் என்று பெருமையடித்தாளாம். கோபம்கொண்ட தெய்வங்கள் அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அம்பெய்து கொன்றனவாம். மிஞ்சியது இந்த ஒன்றுதான், இதையும் விடப்போவதில்லை.

"பிள்ளையளை எண்ணிச் சொல்லக்கூடாதெண்டு அவளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? நாவூறு பட்டிட்டுது."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆசிரியை நல்லவர். அம்மாவையும் பேச்சில் சேர்க்க நினைத்து, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று மெதுவாகக் கேட்டார். அம்மா சிலையிலிருந்து கண்ணை எடுக்காமல், நோர்வேஜிய மொழியிலேயே, "இரண்டு" என்றார்.

நான் ஒற்றைப் பிள்ளை. எது நடக்கக்கூடாது என்று பயந்தேனோ அது நடந்துவிட்டது. "ஒன்றுதான். அம்மாவுக்கு மொழி சரியாக வராது" என்று உரத்த குரலில் திருத்தினேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார்.

"ஓம், ஒண்டுதான்" என்று தமிழில் சொல்லிவிட்டு, றோல்ஸ் பெட்டியை எடுக்கப் போனார்.

எனக்கு முன் ஓர் அக்கா பிறந்ததும், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த வழியில் காய்ச்சலில் இறந்ததும் பத்தொன்பது வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. இந்த நாட்டுக்கு வந்தபிறகு அம்மா அவளைப் பற்றி வாய் திறந்தது ஒரேயொரு முறைதானாம். அன்று அவளை இல்லையென்று சொன்னவள் நான்.