மாமியின் சீற்றுக்கு வள்ளத்துப் போல்ற்

கலியாணமாகி உருத்திரபுரத்துக்கு வந்த முதல் வருடம் மாமியோடு நான் அதிகம் கதைத்ததில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. காட்டை வெட்டி வயலாக்கியவர்களுக்குச் சிரிக்க எங்கே நேரம் என்று என் கணவர் சொல்வார்.

அந்தப் போகம் நெல் நன்றாக விளைந்தது. கணவர் யாழ்ப்பாணம் போய் ஒரு பழைய கார் வாங்கி வந்தார். எஞ்சின் நல்ல எஞ்சின். அடித்தகடுதான் துருவேறிக் கிடந்தது. ஓட்டுபவருக்குப் பக்கத்து முன் சீற்றைத் தகட்டோடு பிடித்திருந்த போல்ற்றுகளை இறுக்க இறுக்க அவை சும்மா சுற்றின. "புரி தேஞ்சு போச்சுது. கலியாணம் முடியப் பாப்பம்" என்று விட்டுவிட்டார்.

அந்தக் கலியாணம் முள்ளியவளையில், மாமியின் தம்பி மகளுக்கு. முதல்நாளே புறப்பட்டோம். மாமி புதுச்சேலையோடு முன் சீற்றில் ஏறி, பயற்றம் பணியாரம் நிறைந்த ஓலைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். நான் பின்னால் இருந்தேன். மாங்குளத்தில் திரும்பிக் காட்டுவழியே போகையில் ஒரு மதகு மேட்டில் கார் துள்ளி ஏறியது. சடக்கென்று ஒரு சத்தம். முன் சீற் அப்படியே பின்னுக்கு மல்லாந்தது. மாமியின் தலை என் மடியில், கால்கள் கூரையில். பணியாரங்கள் கார் முழுக்க உருண்டன.

கணவர் காரை நிறுத்தி ஓடிவந்தார். "அம்மா, அடிபட்டிட்டுதோ?"

மடியிலிருந்த தலை குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து குனிந்து பார்த்தேன்.

"பிள்ளை, றோட்டிலை ஆரும் நிக்கினமோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை மாமி."

அதன் பிறகுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். நானும் அடக்க முடியாமல் சிரித்தேன். வெளியே நின்ற கணவருக்கு எங்களைப் பார்த்துக் கோபப்படுவதா, கூடச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

சீற்றின் முன்கால்கள் இரண்டும் கழன்றிருந்தன. ஒரு பக்கம் தகட்டின் கீழே பற்றவைத்திருந்த நட்டில் புரி, அந்தத் திருகுவரி, இன்னும் இருந்தது; துருவும் பெயின்றும் அடைத்திருந்தன. கணவர் இரண்டு போல்ற் பூட்டியிருந்த பின்காலிலிருந்து நல்லது ஒன்றைக் கழற்றி, துருவைச் சுரண்டி எடுக்க அதன் புரிக்குக் குறுக்கே காரில் கிடந்த அரத்தால் கோடு கீறினார். எஞ்சினிலிருந்து எடுத்த எண்ணெயைப் பூசி, கொஞ்சம் முன்னுக்கும் கொஞ்சம் பின்னுக்குமாகத் திருகினார். அந்தக் கோடுகளில் துரு கறுப்பாய் வழிந்து வந்தது. போல்ற் உள்ளே போய் இறுகிக்கொண்டது.

மற்றப் பக்கம் நட்டே இல்லை. ஓட்டைதான் இருந்தது.

அந்நேரம் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த மீன்பிடிக்காரர். வள்ளத்துக்குப் பலகை பூட்ட மாங்குளத்தில் போல்ற் வாங்கிக்கொண்டு திரும்புகிறாராம். பையிலிருந்து துருப்பிடிக்காதபடி துத்தநாகம் பூசிய நீளப் போல்ற் ஒன்றையும் நட்டையும் அகன்ற தகட்டு வளையத்தையும் எடுத்து நீட்டினார்.

"உங்கடை வள்ளத்துக்குக் போதாமல் போகாதோ தம்பி?" என்றார் மாமி.

"ஒண்டு கூடுதலாய் வாங்கினனான் அம்மா. பிடியுங்கோ."

கணவர் புதுச் சேட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழே நுழைந்தார். வந்தவர் ஓட்டையை அரத்தால் பெருப்பித்து மேலிருந்து போல்ற்றை இறக்கினார். கீழே நட்டைத் திருக, மேலே போல்ற்றும் கூடவே சுற்றியது.

"மேலை ஆரும் இறுக்கிப் பிடியுங்கோ!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

நான் முழங்காலில் நின்று சீற்றை அமத்தினேன். வந்தவர் கையை நீட்டுமுன்னமே மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக் குறடொன்றை எடுத்துவிட்டார். போல்ற்றின் தலையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, "திருக்கடா!" என்று சத்தமிட்டார். போல்ற் அசையவில்லை. அரிவாள் பிடித்த கை அது.

முடிந்ததும் மாமி சீற்றில் ஏறி உட்கார்ந்து, முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிப் பார்த்தார். பெட்டியில் மிஞ்சிய பணியாரத்தில் பாதியைச் சைக்கிள்காரருக்குக் கட்டிக் கொடுத்தார். "நாளைக்குக் கலியாணம். வீட்டுக்காறியையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வாங்கோ" என்றார்.

கலியாண வீட்டில் மாமி சமையல் நடந்த குசினிக்குள் போனவர், நடந்ததை நடித்தே காட்டினார். பெண்களின் சிரிப்புச் சத்தம் பந்தல்வரை கேட்டது. என்ன, ஏது என்று மணப்பெண்ணும் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் தாலி கட்டி முடிகிற நேரம் அந்தச் சைக்கிள்காரர் மனைவியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னால் ஒரு வாழைக்குலை கட்டியிருந்தது.

"எங்கை போனாலும் மீன்தான் கொண்டுவாறனான். சைவக் கலியாணமெண்டபடியால் இது" என்று சிரித்தார்.

பந்தலுக்குள் வருவதற்கு முன் காரடிக்குப் போய், கதவைத் திறந்து, முன் சீற்றை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு அதில் இருத்தி, இன்னொரு தரம் ஆட்டினார். அந்த அம்மா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.