ரெட்டை அக்காவின் சதவீதக் குறி

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் அவளுக்கு ரெட்டை அக்கா என்றுதான் பெயர். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். போய்விட்டு வருகிறேன் என்பதையும் இரண்டு தடவை சொல்வாள். அதற்குள் பஸ் போய்விடும். பன்னிரண்டு வருடமாக மருந்து பாட்டில்களுக்குக் கையால் சீட்டு எழுதியதில் வலது மணிக்கட்டு சுரைப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. தினமும் அவளுக்குத் தலை வாரிவிடுவதே தங்கைதான்.

அந்தத் தங்கை, பாதியில் விட்ட கம்ப்யூட்டர் படிப்பை நம்பி, சீட்டு அச்சடிக்க சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தாள். அதை ஓட்டிக் காட்ட, கிடங்கு மேலாளர் ஒரே ஒரு காலைப்பொழுது கொடுத்தார்.

மாதிரிச் சீட்டுகள் வந்தன. ‘5% டெக்ஸ்ட்ரோஸ்’ என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டிய சீட்டில் சதவீதக் குறியையும் மருந்துப் பெயரின் முதல் எழுத்தையும் காணோம். அந்த இடத்தில் ஏழு இலக்கத்தில் ஏதோ எண்.

“என்னம்மா இது, மருந்தா, டெலிபோன் நம்பரா?” என்றார் மேலாளர். “மத்தியானத்துக்குள்ள சரியாகலேன்னா பழையபடி கையாலயே எழுதுங்க.”

ரெட்டை அக்காவுக்கு அப்போதே மணிக்கட்டு வலித்தது.

தங்கை திரையில் வரிவரியாகத் தேடினாள். “இங்க பாருக்கா, பத்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் வரியில மட்டும் குறியை ரெண்டு தடவை தட்டித் தொலைச்சிருக்கேன். ஒண்ணை அழிச்சிடறேன்.”

அக்கா பழக்கதோஷத்தில் சீட்டுகளை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தாள். பத்து சதவீதச் சீட்டு மட்டும், ஒற்றைக் குறியோடு, அச்சுப் பிசகாமல் இருந்தது.

“கை வைக்காதடி! நீ தப்பா அடிச்சதுதான் ஒழுங்கா வந்திருக்கு!”

தங்கை நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அட, ஆமா! குறி ஒத்தையா நின்னா, ‘இங்க ஒரு எண்ணைக் கொண்டாந்து போடு’ன்னு கம்ப்யூட்டர் உத்தரவா எடுத்துக்கும். ரெண்டாப் போட்டாத்தான் ஒண்ணா அச்சாகும். இந்தப் பாடத்தை நான் கிளாஸ்ல தூங்கின அன்னிக்கு நடத்தியிருப்பாங்க.”

மற்ற வரிகளிலும் குறியை இரண்டாக்கினாள். மத்தியானத்துக்குள் முந்நூறு சீட்டுகள் சுத்தமாக வந்தன. மேலாளர் பத்துச் சீட்டை எடுத்துப் பார்த்தார்; ரெட்டை அக்கா முந்நூறையும் பார்த்தாள், இரண்டு தடவை. “இனிமே பேனாவை மூடி வைங்கம்மா” என்றார் அவர்.

மூடுவதற்கு முன் அக்கா ஒரே ஒரு சீட்டு எழுதி, தங்கையின் சாப்பாட்டு டப்பாவில் ஒட்டினாள்: ‘100%% தங்கம்.’

“கையால எழுதும்போது ஒரு குறி போதும்க்கா, லூசு.”

“இருக்கட்டும்டி. ஒண்ணு காணாமப் போனாலும் இன்னொண்ணு இருக்கும்ல.”

தங்கை டப்பாவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தாள்.