நன்றிப் பக்கத்தில் ஒரு பெயர்

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். எந்த உயிரும் தங்காது என்று நாம் நினைக்கிற கடும் உப்புநீரிலும் பாக்டீரியா வாழும். அதையும் தாக்குகிற வைரஸ் உண்டு. அந்த வைரஸின் மரபணுவை ஆராய்வதுதான் என் வேலை. ஆனால் முதலில் வைரஸ் கிடைக்க வேண்டுமே! ராதாபுரம் தாண்டி, கடலோர உப்பளத்துக்கு மாதக்கணக்கில் பஸ் ஏறித் தண்ணீர் எடுத்து வந்தும் ஒன்றும் சிக்கவில்லை. "தலைப்பை மாத்திரும்மா" என்றார் என் பேராசிரியர். மாட்டேன் என்றேன்.

ஒருநாள், அங்கே உப்பு வாருகிற அக்கா ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, எல்லாப் பாத்தியும் செவப்பா கெடக்கு. இது மட்டும் ரெண்டு நாளா வெளுத்துக்கிட்டே வருது. இங்கன எடுத்துப் பாரு."

அந்தச் சிவப்பே நுண்ணுயிரிகளின் நிறம்தான். அப்படியென்றால் எதுவோ அவற்றைக் கொல்கிறது! பத்து நாள் கழித்து, பாக்டீரியா படர்ந்த என் கண்ணாடித் தட்டில் குண்டூசித் தலை அளவுக்குத் தெளிந்த புள்ளிகள். எல்லாம் வைரஸ் அழித்த இடங்கள். அதன் மரபணுவைப் பிரித்து, துண்டாக்கி, ஜெல்லில் கோடு கோடாகப் பார்த்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அந்த அக்காவின் பெயரை முதலில் போட்டேன். பேராசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"உப்பளத்துக் கூலிக்காரி பேரு எதுக்கு? சிரிப்பாங்க. அந்தப் பேரை எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடுதேன்."

"அவங்க காட்டலேன்னா இந்த ஆய்வே இல்ல சார். எடுக்க மாட்டேன்."

கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போனது. வீட்டில் தினமும் ஏச்சு. அடுத்த முறையும் அதே பக்கத்தோடு போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஜெயித்த மிதப்பில் ஏட்டை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினேன். அக்கா பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

"எம்பேருக்கு முன்னால 'பி' போட்டிருக்கியே, இது எங்க வீட்டுக்காரரு எழுத்துல்லா? எங்கப்பா எழுத்து 'எம்'. தண்ணி வெளுத்ததைப் பாத்தது நான்தானே? மாத்து."

உப்பளத்து மேஸ்திரியிடம் கேட்டு எழுதியது அது. அக்காவிடமே கேட்க எனக்குத் தோன்றவில்லை. அங்கேயே பேனாவால் 'பி'யை அடித்து 'எம்' என்று திருத்தினேன். மறுநாள் நூலகப் பிரதியிலும்.

ஒருத்தருக்காக எத்தனை பேரை எதிர்த்து நின்றாலும், அந்த ஒருத்தரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை, அந்த அடித்தல் இன்றும் எனக்கு உறைக்கும்படி சொல்கிறது.