ஸ்டெல்லா அக்காவின் எடை பார்க்காத நடை

உதியன்குளங்கரைப் பூனைகளுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: இன்று சாளை மீன் வராது. தயிர்ச்சோற்றுக்குப் பழகிக்கொள்ளவும்.

மீன்கூடையோடு ஸ்டெல்லா அக்கா வராத அன்று, நம் நடைக்குழுவின் வாட்ஸ்அப்பில் நான் போட்ட பகடி இது. அவர் மகளிடமிருந்து பதில் வந்தது: "அம்மா விடியக்காலம் போயிட்டாவ." வெறும் காய்ச்சல் என்றல்லவா நினைத்திருந்தோம், எலிக்காய்ச்சலாம். உடம்பு பெருத்தவர், நெஞ்சடைப்பாகத்தான் இருக்கும் என்று அவருடைய நெஞ்சின்மேல் யாரும் பழி போடவேண்டாம். போன மாதம்கூட கால்வாய்க்கரை ஏற்றத்தில் ஊர்வம்பு முழுவதும் பேசிக்கொண்டே ஏறியவர்.

நம் ஊர் மன்றம் இதய நலத்துக்கென்று எடைகுறைப்புப் போட்டி வைத்தது நினைவிருக்கும். வாரந்தோறும் ஒவ்வொருவர் எடையும் மைக்கில் வாசிக்கப்படும். நெஞ்சடைப்புக்குச் சிகிச்சை முடிந்து வந்திருந்த என் அப்பாவின் எடையைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். அவர் பட்டினி கிடந்தார், பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார், பிறகு வாசல் தாண்டவே மறுத்துவிட்டார். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

அடுத்த வார வாசிப்பில் அக்காவின் முறை வந்தது. மைக்கைப் பிடுங்கி, கடப்புறத்து மீன் ஏலக்குரலில் தன்னையே கூவினார்: "பெரிய சூரை ஒண்ணு கிடக்கு, கேள்வி உண்டா?" சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "மீனையாக்கும் தூக்கிப் பாத்து வெல சொல்லுவாவ. மனுசனுக்க நெஞ்சு உள்ளால கிடக்கு."

அப்படித்தான் அக்கா முன்னால் நிற்க, கால்வாய்க்கரை நடை தொடங்கியது. சுகாதார நிலைய நர்ஸ் பிரஷரும் சுகரும் பார்ப்பார். எடை இயந்திரம் கிடையாது. பட்டினி கிடையாது, பொரித்த மீனுக்குப் பதில் குழம்பு மீன், அவ்வளவுதான். அக்கா கேட்பது ஒன்றே: "பேசிட்டே நடக்க முடியுதா?"

அப்பாவை அழைக்க அவர் தினமும் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, பேச்சுத்துணைக்கு முக்குவரைக்கும் வாரும்."

"ஆளுவ சிரிப்பாவ."

"சிரிக்கட்டு. நானும் கூட உண்டுல்லா? ரெண்டு பேரையும் சேத்துச் சிரிக்கட்டு."

நான்காம் நாள் அப்பா செருப்பைத் தேடினார். இன்று வயிறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிரஷர் இறங்கிவிட்டது. அப்பா தூங்குகிறார், நாங்களும்தான்.

அடக்கத்துக்கு மறுநாள் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் வந்தார்கள், அப்பா முதல் ஆளாக. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பேசியபடி நடக்கும் அந்தப் பழக்கத்தைத்தான். இனி குழுவை முன்னால் நின்று நடத்துவது நானாக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறேன்.

உண்மையில் முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி எனக்குப் பேச்சு நின்றுபோனது. மேலே நின்று அப்பா சொன்னார்: "எலே, மெதுவா வா. நாங்க நிக்கியோம்."