போ க்ளுவா போகும் வழியில் நின்ற பேட்ச்

1. ஏழு ஐம்பது

காலை ஏழு ஐம்பதுக்கு என் ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது. வடக்கு தாய்லாந்தில், லாவோஸ் எல்லையை ஒட்டிய ஒரு மலைப்பாதையில், வாடகை வேனில் போய்க்கொண்டிருந்தோம். டிசம்பர் மாதம். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். என் மனைவி கவிதா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஃபோனைப் பார்த்தேன்.

"அண்ணா, பேட்ச் பாதியில நின்னுடுச்சு. ரன்புக்ல இருக்கிறபடி ரீஸ்டார்ட் பண்ணிடறேன். ஓகேதானே?"

அனுப்பியவள் ஃபாத்திமா. கலிஃபோர்னியாவில், பிளசன்டன் ஆபீஸில், என் டீமில் இருந்த பெண். நான் லீவில் இருந்த பத்து நாளும் என் இடத்தில் ஆன்-கால், அதாவது சிஸ்டம் நின்றால் கவனிக்கும் முறை, அவளுடையதுதான். அங்கே அப்போது முந்தின நாள் மாலை நாலு ஐம்பது.

'பண்ணாதே' என்று அடித்து அனுப்பினேன். அதற்குள் வேன் ஒரு வளைவு திரும்பிவிட்டது. சிக்னல் போய்விட்டது. மெசேஜ் பக்கத்தில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

இருபத்திநாலு வருடம், கம்ப்யூட்டர் சிஸ்டம் நின்றால் ஓடவைக்கும் புரொடக்‌ஷன் சப்போர்ட்டில் இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள், "அங்கிள், நீங்க பாத்த பெரிய அவுட்டேஜ் எது?" என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதை விடப் பெரியவை நடந்திருக்கின்றன. அவற்றிலெல்லாம் நான் காப்பாற்றியவன். இதில் கெடுத்தவன்.

2. எழுதாத வரி

நான் வேலை பார்த்தது ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்பும் ஒரு கம்பெனியில். நாள் முழுக்க வந்த ஆர்டர்களை மாலையில் ஒரு பேட்ச் ப்ரோகிராம் மொத்தமாகத் திரட்டிக் கிடங்குக்கு அனுப்பும். இரவு எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் மறுநாள் லாரி கிளம்பும். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை அது பாதியில் நிற்கும். நின்றால், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் டேட்டாபேஸில் ஒரு டேபிளில் இருக்கும் ஃபிளாக் என்ற அடையாளக் குறியைக் கையால் அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால், ஏற்கெனவே போன ஆர்டர்கள் இன்னொரு முறை போகும். ஒரு ஆஸ்பத்திரிக்கு இரண்டு பங்கு ஒதுக்கிவிட்டு, இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஸ்டாக் இல்லை என்று கை விரித்துவிடும்.

இந்த மாதிரி நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதிவைத்திருக்கும் டாக்குமென்ட்டுக்குத்தான் ரன்புக் என்று பெயர். எங்கள் ரன்புக்கை எழுதியவன் நான். ஃபிளாகை அழிக்கும் வரி அதில் இல்லை.

மறந்துபோய் விடவில்லை. வேண்டுமென்றே விட்டேன்.

நான் ஹெச்-ஒன் என்ற வேலை விசாவில் இருந்த காலத்தில், பக்கத்து டீமில் இரண்டு பேரை உட்காரவைத்துப் புதியவர்களுக்குக் கேடி கொடுக்கச் சொன்னார்கள். கேடி என்றால் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுப்பது. அவர்களும் ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தார்கள். கேடி முடிந்த வாரமே இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை, இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். எழுதுவதில் ஒன்றிரண்டு வரி கையில் இருக்கட்டும். நான் இல்லாவிட்டால் சிஸ்டம் ஓடாது என்றால் என்னை எப்படி அனுப்புவார்கள்?

அதற்கப்புறம் எனக்கு கிரீன் கார்டு வந்தது. வந்து மூன்று வருடமும் ஆயிற்று. பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வரிகளை நான் எழுதவில்லை. பழகிவிட்டது. சிஸ்டம் நின்றால் எல்லோரும் என்னைத் தேடுவது பிடித்தும் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஃபாத்திமாவுக்கு ஊர் கீழக்கரை. ஃப்ரீமான்டில் ஒற்றை பெட்ரூம் அபார்ட்மென்ட். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கணவருக்கு வேலை செய்ய இன்னும் பெர்மிட் வரவில்லை. அந்த வீடு ஓடியது அவளுடைய ஹெச்-ஒன்னில்தான். ஜனவரியில் லேஆஃப் வரும் என்று ஆபீஸில் எல்லோரும் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அவளுக்கு ஒரு மணி நேரம் கேடி கொடுத்தேன்.

"அண்ணா, எல்லாம் ரன்புக்ல இருக்குல்ல? நான் புதுசு. ஏதாவது மிஸ் ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

"எல்லாம் இருக்கும்மா. நீ கவலப்படாம இரு."

வாய் கூசாமல் சொன்னேன்.

3. இருபத்திரண்டு கிலோமீட்டர்

போ க்ளுவா என்ற அந்த மலை மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தவள் கவிதா. மலையில் உப்புக் கிணறு இருக்கும் ஊர், டூரிஸ்ட் கூட்டம் கிடையாது, சத்தமே இருக்காது என்று எங்கேயோ படித்துவிட்டு ஒற்றைக்காலில் நின்றாள். ஊருக்குள் சிக்னல் இருக்கிறதா என்று மட்டும் நான் பார்த்துவைத்திருந்தேன். வழியைப் பார்க்கவில்லை.

அன்று காலை புவா என்ற சின்ன டவுனிலிருந்து கிளம்பியிருந்தோம். டிரைவர் பெயர் பிரசித். ஐம்பது வயது இருக்கும். அளவான இங்கிலீஷ், அளவான சிரிப்பு.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"இருபத்திரண்டு கிலோமீட்டர். ஒன் அவர்."

இருபத்திரண்டு கிலோமீட்டர் என்றால் பதினாலு மைல். எங்கள் ஊர் ஆறு எண்பதாம் நம்பர் ஃப்ரீவேயில் கால் மணி நேரம். எதற்கு ஒரு மணி நேரம் என்று எனக்குக் கோபம் வந்தது. "ஃபாஸ்ட், ஃபாஸ்ட், ஆபீஸ் எமர்ஜென்சி" என்றேன். பிரசித் தலையாட்டிவிட்டு அதே வேகத்தில் ஓட்டினார். திரும்பவும் சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோது கொஞ்சம் அழுத்தினார்.

ஆறாவது வளைவில் பின் சீட்டிலிருந்து என் மகள் அனு, "அப்பா, ஐ'ம் கோனா த்ரோ அப்" என்றாள். பதினாலு வயது. சொல்லி முடிப்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள்.

வண்டி நின்றது. கவிதா தண்ணீரை எடுத்துக்கொண்டு இறங்கியவள் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏனுங்க, புள்ளைய விட அந்த பேட்ச்சு பெருசாப் போச்சா உங்களுக்கு? லீவுக்குத்தான வந்தோம்?"

ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். ஒரு திட்டின் மேல் ஏறினேன். இறங்கினேன். பிரசித்தின் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். அதிலும் ஒன்றுமில்லை. அவ்வளவு அமைதியான இடத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஒரு பறவை கத்துவது, அனு வாய் கொப்பளிப்பது, அவ்வளவுதான் சத்தம். எனக்கு அது தாங்கவில்லை. காரணம், அந்த நிமிடம் ஃபாத்திமா என்ன செய்துகொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நல்ல பெண். ரன்புக்கில் என்ன இருக்கிறதோ அதைச் செய்துகொண்டிருப்பாள்.

பிரசித் அனுவிடம் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, "ஸ்லோ கோ, ஆல் கோ" என்றார். மெதுவாகப் போனால் எல்லோரும் போய்ச் சேரலாம் என்கிறார். அதற்கப்புறம் ஊர் வரும் வரை நான் எவ்வளவு சொல்லியும் அவர் காதில் வாங்கவில்லை.

4. உப்புக் கொட்டகை

ஒன்பது பத்துக்குச் சிக்னல் வந்தது. பத்தொன்பது மெசேஜ். என் நேரம் எட்டு மணிக்கே ஃபாத்திமா ரீஸ்டார்ட் செய்துவிட்டாள். எட்டரைக்குக் கிடங்கிலிருந்து ஃபோன், ஆர்டர்கள் இரண்டு இரண்டாக வருகின்றன என்று. எங்கள் மேனேஜர் வெங்கட் எல்லோரையும் ஒரே கான்ஃபரன்ஸ் காலில் சேர்த்திருந்தார்.

போ க்ளுவாவில் கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்து, கொட்டகைக்குள் பெரிய பெரிய சட்டிகளில் விறகு வைத்துக் காய்ச்சுவார்கள். அப்படி ஒரு கொட்டகை ஓரத்தில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முகமெல்லாம் ஆவி. உள்ளே ஒரு அம்மாள் உப்பை வாரி மூங்கில் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா போன?" என்றார் வெங்கட். அவர் சென்னைக்காரர், டென்ஷன் ஆனால் தமிழுக்கு வந்துவிடுவார். "இங்க ராத்திரி எட்டு மணிக்கு கட்-ஆஃப். இன்னும் ரெண்டு மணி நேரம் கூட இல்ல."

செய்ய வேண்டியதைச் சொன்னேன். இரண்டாவது முறை போனவற்றை பேட்ச் நம்பரை வைத்துப் பிரித்து அழிக்க வேண்டும். பிறகு ஃபிளாகை அழிக்க வேண்டும். பிறகுதான் ரீஸ்டார்ட். ஃபாத்திமா ஒவ்வொன்றாகச் செய்தாள். ஒரு தப்பு இல்லை. நடுவில் ஒருமுறை மட்டும், "ஒரு நிமிஷம்ணா, வீட்டுக்காரரும் குழந்தையும் வீட்டுக்கு வந்துட்டாங்க" என்று மைக்கை அணைத்தாள். என் நேரம் பத்து நாற்பதுக்கு எல்லாம் சரியாயிற்று. கட்-ஆஃபுக்கு இருபது நிமிடம் மிச்சம்.

அப்போது வெங்கட் கேட்டார். "ஃபாத்திமா, அந்த ஃபிளாக ஏன் கிளியர் பண்ணாம ரீஸ்டார்ட் பண்ணே? டைரக்டர் கேப்பாரு. ஆர்சிஏ-ல நான் ஒரு காரணம் எழுதணும்."

ஆர்சிஏ என்பது தவறு எங்கே நடந்தது என்று மேலே அனுப்பும் ரிப்போர்ட். ஜனவரியில் யாரை அனுப்புவது என்று லிஸ்ட் போடுகிறவர்கள் அதையும் படிப்பார்கள்.

"வெங்கட், ரன்புக்ல அந்த ஸ்டெப் இல்ல" என்றாள் ஃபாத்திமா.

"இல்லையா?" வெங்கட் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "என்னய்யா?"

நான் சொன்னேன்: "அது பொதுவா எல்லாருக்கும் தெரிஞ்ச ஸ்டெப்தான்."

வெங்கட், "சரி, ஆபரேட்டர் எரர்னு போட்டுடறேன்" என்றார். பட்டனைத் தட்டியவள் தப்பு என்று அர்த்தம். அத்தோடு கான்ஃபரன்ஸ் கால் முடிந்தது.

5. கவிதா கேட்டது

லேப்டாப்பை மூடினேன். வேலை முடிந்துவிட்டது. ஆனால் உட்கார முடியவில்லை. கொட்டகையைச் சுற்றி நடந்தேன். அனு உப்புக் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவிதா பக்கத்தில் வந்தாள்.

"சரியாயிருச்சில்லீங்க? அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அனு பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரியில மடியில லேப்டாப்போட உக்காந்திருந்தீங்க. ஏனுங்கன்னு கேட்டேன். வேலை போனா நாட்ட விட்டே போகணும் கவிதான்னீங்க. அந்தப் புள்ளைக்கு இப்ப அதே நெலமைதானுங்களே?"

எப்போது வந்து நின்றாளோ, அனு பின்னாலிருந்து கேட்டாள். "அப்பா, யூ லெஃப்ட் இட் அவுட்? ஆன் பர்பஸ்?"

ஃபோனை எடுத்தேன். வெங்கட்டைக் கூப்பிட்டேன்.

"ஃபாத்திமா மேல தப்பு இல்ல வெங்கட். அந்த ஸ்டெப் யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். நான்தான் எழுதாம விட்டேன். வேணும்னே."

"ஏன்யா?"

"பயம். அப்புறம் பழக்கம்."

வெங்கட் சொன்னார்: "டைரக்டருக்கு மெயில் போயிடுச்சேய்யா. சரி, கரெக்ட் பண்ணி திருப்பி அனுப்பறேன். உன் பேரப் போடுவேன். இந்த மாதிரி இன்னும் எத்தன வெச்சிருக்க?"

"பதினொண்ணு."

"அட கடவுளே" என்று வைத்துவிட்டார்.

அன்று பகல் முழுக்க ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பதினொன்றையும் எழுதினேன். கவிதாவும் அனுவும் பிரசித்தும் ஊரைச் சுற்றினார்கள். அந்த ஊரை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அவர்கள் ஃபோட்டோவில் பார்த்ததுதான்.

திரும்பி வந்ததும் எனக்கு எழுத்துப்பூர்வமாக வார்னிங் வந்தது. அந்த வருடம் ரேட்டிங்கும் அடி வாங்கியது. ஜனவரியில் லிஸ்ட் வந்தபோது ஃபாத்திமாவின் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. அதைப் பார்த்த அன்று மதியம் அவள் என் மேஜைக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நீங்க அப்புறம் வெங்கட்கிட்ட சொன்னத அவரு சொன்னாரு. அதுக்கு தேங்க்ஸ் அண்ணா" என்றாள். "ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச ஸ்டெப்னு சொன்னீங்கல்ல, அப்ப என் புள்ள என் மடியில உக்காந்திருந்தா. பெட்டி கட்டணுமேன்னுதான் மொதல்ல நெனச்சேன். வீட்டுக்காரரு மூஞ்சியப் பாக்க முடியல. அத என்னால மறக்க முடியலண்ணா."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் வேலையைப் பார்த்தாள். அதற்கப்புறம் நாலு வருடம் ஒரே டீமில் இருந்தோம். ஒரு குறையும் வைக்காமல் பழகினாள். ஆனால் எந்த விஷயத்திலும் என் வாய்வார்த்தையை மட்டும் அவள் எடுத்துக்கொண்டதில்லை. "மெயில்ல போட்டுடுங்கண்ணா" என்பாள். நானும் போட்டுவிடுவேன்.

தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் சொல்ல வருவது இதுதான். தெரிந்ததை எழுதிவைத்துவிடுங்கள். எழுதாத வரி உங்கள் வேலையைக் காப்பாற்றுமா என்று எனக்குத் தெரியாது. சிஸ்டம் நிற்கும்போது மாட்டிக்கொள்வது நீங்களாக இருக்காது. உங்களை நம்பிப் பட்டனைத் தட்டியவர்தான் மாட்டிக்கொள்வார். அவர் மன்னித்துவிடுவார். ஆனால் அதற்குப் பிறகு உங்களை நம்ப மாட்டார்.